அம்மாவின் வாய் வறண்டுகொண்டே போகிறது: ‘வயதாகிவிட்டது’ என்பது ஒரு பதிலா?

பாம்பன் வாடைக்காற்று

என் அம்மாவுக்கு 71 வயது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் கடல்பாசி எடுத்தே எங்கள் மூவரையும் வளர்த்தவர். நாள் முழுவதும் உப்புத் தண்ணீரில் நின்றவருக்கு இப்போது வாயில் ஈரம் இல்லை.

சோறு இறங்கவில்லை. ஒரு கவளத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார். இரவில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எழுந்து உட்கார்ந்து, விரலைச் செம்பில் நனைத்து நாக்கில் தடவிக்கொள்கிறார். பேச்சில் ‘த’வும் ‘ந’வும் இழுபடுகின்றன. கருவாட்டை அடியோடு விட்டுவிட்டார். நம்மூர் முண்டு மிளகாய் ஒன்று குழம்பில் விழுந்தாலும் வாய் வெந்துபோகிறதாம்.

காட்டிய இடத்தில் வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. “வயதானால் சுரப்பி வற்றத்தான் செய்யும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. வயது என்பது சுரப்பிக்குள் போய் என்னதான் செய்கிறது? தெரிந்தவர்கள் செல் அளவு வரை விளக்கினால் நல்லது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள்தான், புரிந்துகொள்வேன்.

மண்டபம் உயிரியல் ஆசிரியர்

அம்மா, அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை. காதோரம் பரோடிட், தாடைக்கு அடியில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. இவை போக உதடு, கன்னம், அண்ணம் எங்கும் சிறு சுரப்பிகள் 600 முதல் 1,000 வரை பரவியிருக்கின்றன. ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அதில் 99 விழுக்காடு தண்ணீர்.

ஒன்றைக் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது வாயை ஈரமாக வைப்பது பெரும்பாலும் தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பி. மெல்லும்போது பாய்வதில் பாதிக்கு மேல் பரோடிட்டின் பங்கு. உங்கள் அம்மா இரவில் தவிப்பது முதல் வகை, சோறு இறங்காதது இரண்டாம் வகை. இரண்டும் சேர்ந்து குறைந்திருக்கிறது என்றால் வயதை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். செல்லுக்குள் நடப்பதை எங்கள் பழைய மாணவி சொல்லட்டும், அவர் அதில்தான் ஆராய்ச்சி செய்கிறார்.

தங்கச்சிமடம் ஆய்வு மாணவி

வணக்கம் ஐயா. அக்கா, நான் உமிழ்நீர்ச் சுரப்பியில் வேலை செய்யவில்லை. கணையச் செல்களில்தான் செய்கிறேன். இரண்டும் உறவுக்காரச் செல்கள், அடிப்படை வேலை ஒன்று.

சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தால் திராட்சைக் குலைகளாகத் தெரியும். ஒவ்வொரு பழமும் அசினஸ் எனப்படும் செல் கூட்டம், காம்புகள் குழாய்கள். தண்ணீரை வெளியேற்றுவது அசினஸ் செல். எப்படி என்று கேட்டால், கருவாடு போடும் வீட்டுப் பெண்ணான உங்களுக்கு அது ஏற்கனவே தெரியும். மீனில் உப்பைத் திணித்தால் மீனுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது அல்லவா? சுரப்பியும் அதைத்தான் செய்கிறது.

புளியை நினைத்த உடனே நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற செய்தி வேதிப்பொருள் வெளிப்படுகிறது. அது அசினஸ் செல்லின் மேல் இருக்கும் எம்3 என்ற ஏற்பியில், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில், போய் அமர்கிறது. உள்ளே ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி, செல்லுக்குள் பூட்டி வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் ஏறியதும் குழாய்ப் பக்கச் சுவரில் டி.எம்.இ.எம்.16ஏ என்ற குளோரைடு வாய்க்கால் திறக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியம் செல்களின் இடுக்கு வழியாக அதைத் தொடர்கிறது. ஆக, அங்கே உப்பு சேர்ந்துவிட்டது. உப்பைத் தேடித் தண்ணீர் பாய்கிறது, அக்வாபோரின் 5 என்ற தண்ணீர்க் கதவு வழியாக. இந்தக் கதவின் மரபணுவை நீக்கிய எலிகளுக்கு உமிழ்நீர் பாதிக்கும் கீழே போய்விட்டது. அக்வாபோரின்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிறகு குழாய்ச் செல்கள் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால்தான் உமிழ்நீர் கடல் தண்ணீராக இல்லாமல் வாய்க்கு வருகிறது.

இனி வயது. இது ஒரே இடத்தில் அடிப்பதில்லை.

முதலாவது, குலைகள் குறைகின்றன. இளமையிலிருந்து முதுமைக்குள் அசினஸ் பகுதியில் 30 முதல் 40 விழுக்காடு வரை மறைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் குடியேறுகின்றன. எலிகளில் பார்த்ததில், முதிர்ந்த சுரப்பியில் புதிய அசினஸ் செல்கள் பெரும்பாலும் இருக்கும் அசினஸ் செல்கள் இரண்டாகப் பிரிவதால்தான் வருகின்றன. பிரிகிற வேகம் தளர்ந்தால் இழந்ததை நிரப்ப ஆள் இல்லை.

இரண்டாவது, பிரிவதை நிறுத்திவிட்ட செல்கள் செத்துப் போகாமல் அப்படியே தங்கிவிடுகின்றன. பி16 என்ற புரதம் அவற்றுக்குப் போட்ட பூட்டு. அவை சும்மா இருந்தால் பரவாயில்லை. இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் பக்கத்துச் செல்லும் கெடும், நார் கூடும், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வந்து கூடாரம் போடும்.

மூன்றாவது மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்கு ஆற்றல் தரும் எஞ்சின்கள். வயதானவர்களின் சுரப்பியில் ஆன்கோசைட் என்று வீங்கிய செல்கள் தென்படும். உள்ளே மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கிடக்கும். ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்யாததால், ஈடுகட்ட மேலும் மேலும் உண்டாக்கிச் செல் நிரம்பிவிட்டது என்றே பொதுவாக விளங்கிக்கொள்கிறார்கள். உப்பைத் தள்ளுவதற்கு ஆற்றல் வேண்டும். எஞ்சின் பழுதானால் பம்பு எப்படி ஓடும்?

நான்காவதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. வயதான எலிகளின் சுரப்பிச் செல்களில், அதே அளவு தூண்டுதலுக்கு உள்ளே எழும் கால்சியம் அலை சிறியதாக இருந்ததைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நரம்பு கூப்பிடுகிறது, ஏற்பியும் இருக்கிறது, ஆனால் செல்லின் பதில் மங்கிவிட்டது. எங்கள் கூடத்தில் ஒளிரும் சாயத்தை ஏற்றி இந்த அலையைத் திரையில் பார்ப்பேன். இளம் செல்லில் ஓரத்தில் ஒரு பொட்டாக எழுந்து ஒரு நொடிக்குள் முழுச் செல்லும் வெளிச்சமாகிவிடும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பெரியபட்டினம் மகள்

தண்ணீர் மட்டும்தான் குறைகிறதா? எங்கள் மாமியாருக்கு எச்சில் இருக்கிறது, ஆனால் நூல் நூலாக, பசை போல இருக்கிறது.

தங்கச்சிமடம் ஆய்வு மாணவி

நல்ல கேள்வி. தண்ணீரின் பங்கு குறையும்போது இருப்பது பசையாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. வாயை வழுவழுப்பாக வைப்பது மியூசின்கள், அதாவது சர்க்கரைச் சங்கிலிகள் சடைசடையாய்த் தொங்கும் புரதங்கள். அந்தச் சங்கிலிகளின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. நோன்புக் காலத்தில் உங்கள் பக்கம் கடல்பாசி காய்ச்சி இனிப்பு செய்வீர்களே, ஒரு கைப்பிடிப் பாசி எவ்வளவு தண்ணீரைப் பிடித்து இறுகிக்கொள்கிறது! மியூசினும் அதுபோலப் பிடித்து வைப்பதுதான், இறுகாமல் வழுக்கும். மூத்தவர்களிடம் மியூசின் குறைவதாக ஆய்வுகள் உண்டு. அதனால் அளவு ஓரளவு இருந்தாலும் வாய் காய்ந்த உணர்வு வரும்.

சாயல்குடி பனங்காடு

எல்லாம் சரி. 40 விழுக்காடு செல்கள் போய்விட்டன என்கிறீர்கள். அப்படியானால் அந்த மருத்துவர் சொன்னது சரிதானே? வயதானால் சுரப்பி வற்றுகிறது. இதை ஏன் ஏதோ தவறு நடந்ததுபோலப் பேசுகிறோம்? மூப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். என் அப்பாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் கஞ்சியில் காலம் தள்ளினார்.

மண்டபம் உயிரியல் ஆசிரியர்

தம்பி, உங்கள் அப்பாவை நினைத்து எழுதியிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனாலும் இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏனென்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இந்த ஒரு வாக்கியத்தால்தான் கவனிப்பாரின்றி விடப்படுகிறார்கள்.

1981இல் அமெரிக்காவில் புரூஸ் பாம் என்பவர், நோய் நொடி இல்லாத பல வயதினரிடம் பரோடிட் சுரப்பைத் தூண்டி அளந்தார். வயதோடு அது குறையவில்லை. 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு, மொத்த உமிழ்நீரும் தாடையடிச் சுரப்பும் வயதோடு குறைகின்றன, பரோடிட்டும் சிறு சுரப்பிகளும் அப்படிக் குறையவில்லை என்று சொன்னது. செல்கள் போகின்றன, ஆனால் சுரப்பு அதே விகிதத்தில் போவதில்லை. எப்படி?

உங்கள் ஊர் ஊருணியை எண்ணிப் பாருங்கள். தூர் வாராமல் வண்டல் ஏறிய ஊருணி ஐப்பசி மழையில் கரை தளும்ப நிற்கும். நல்ல ஊருணியும் தளும்பும். கரையில் நின்று பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. பங்குனி பிறந்து வெயில் ஏறட்டும், வண்டல் ஏறியதுதான் முதலில் வெடித்துக் கிடக்கும். கொழுப்பும் நாரும் அந்த வண்டல். சுரப்பிக்கு இளமையில் தேவைக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. வயது அந்தக் கையிருப்பைத் தின்கிறது. வாயை வறள வைப்பது அதற்கு மேல் வரும் வெயில். அது மருந்தாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், தண்ணீர் குடிக்காததாகக்கூட இருக்கலாம். வண்டலை நம்மால் வாரமுடியாது. வெயில் எது என்று தேடலாம் அல்லவா?

சாயல்குடி பனங்காடு

ஊருணி சொன்னது பிடிபட்டது, ஐயா. அப்பா கடைசி இரண்டு வருடம் தூக்கத்துக்கும் நெஞ்சுக்கும் கை நிறைய மாத்திரை விழுங்கினார். யாரும் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கீழக்கரை மருந்தாளுநர்

முதல் பதிவு எழுதிய சகோதரிக்கு: அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எழுதுங்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தது, கடையில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டார் கொடுத்தது, எதையும் விடாதீர்கள்.

பாம்பன் வாடைக்காற்று

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின், அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு. கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின், இரண்டு வருடமாக. உடம்பில் அரிப்பு வரும் என்று குளோர்பெனிரமைன் கடையில் வாங்கிக்கொள்கிறார். கேட்ட பிறகுதான் தெரிந்தது, ஒரு வருடமாக அநேகமாகத் தினமும் போடுகிறார்.

கீழக்கரை மருந்தாளுநர்

இரண்டு மாத்திரைகள் எனக்கு உறுத்துகின்றன. அமிட்ரிப்டிலின், குளோர்பெனிரமைன். மேலே மாணவி சொன்ன எம்3 ஏற்பி நினைவிருக்கிறதா? இரண்டும் போய் அந்த இருக்கையில் அமர்ந்துகொள்ளும். தாமே எதையும் தூண்டாது, அசிட்டைல்கோலினையும் உட்காரவிடாது. கையிருப்பு நிறைய உள்ள இளைஞனுக்கு வாய் கொஞ்சம் காயும், அவ்வளவுதான். கையிருப்பு கரைந்துபோன 71 வயதில் அதே மாத்திரை கதவையே சாத்திவிடும். ஹைட்ரோகுளோரோதயசைடு நீரைப் பிரிக்கும் மாத்திரை. உடம்பில் இருக்கும் தண்ணீரே குறையும்போது சுரப்பி எதை எடுத்துக் கொடுக்கும்? சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் சிறுநீரிலும் தண்ணீர் போகும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

வாயை வறள வைக்கும் மருந்துகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எங்கள் கடைக்கு வரும் மூத்தவர்களின் சீட்டில் ஒன்றாவது இல்லாமல் இருப்பது அபூர்வம். எம்3 அடைபட்டால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தேக்கமும் வரும். மூளையில் இருக்கும் இதே குடும்பத்து ஏற்பிகளும் அடைபடுவதால் மறதி கூடும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆனால், சகோதரி, கையெடுத்துக் கேட்கிறேன்: இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அமிட்ரிப்டிலினைத் திடீரென்று விடக் கூடாது. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருத்துவர் முன்னால் மேசையில் கொட்டுங்கள்.

அம்மா தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார்? வயதானால் தாகமே மங்கும்.

பாம்பன் வாடைக்காற்று

மிகக் குறைவு. பாசி எடுக்கப் போன காலத்திலிருந்தே அப்படித்தான். கடலில் ஒதுங்க இடம் கிடையாது, அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார். மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிய காலம் வேறு. இப்போது வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது, பழக்கம் போகவில்லை.

தேவிபட்டினம் கரை

ஒரு சந்தேகம். எங்கள் ஆத்தாவுக்கு 80 தாண்டிவிட்டது, பல் ஒன்றுகூட இல்லை. சிறிய உரலில் வெற்றிலை பாக்கை இடித்துப் போட்டுக்கொள்ளும். போட்ட உடனே வாய் ஊறுகிறது என்கிறது. அது உண்மையா, வெறும் பழக்கமா?

தங்கச்சிமடம் ஆய்வு மாணவி

முழு உண்மை. பாக்கில் இருக்கும் அரிகோலின் அசிட்டைல்கோலினைப் போலவே மஸ்கரினிக் ஏற்பிகளில் அமர்ந்து தூண்டுகிறது. எம்3 அந்தக் குடும்பம்தான். ஆத்தாவின் அனுபவ அறிவு மூலக்கூறு வரை சரி. மருத்துவர்கள் வறண்ட வாய்க்குக் கொடுக்கும் பைலோகார்பைனும் பிரேசில் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து வந்தது. அதே பூட்டுக்கு இன்னொரு சாவி. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் அதைக் கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் பாக்கை மருந்தாகச் சொல்ல என்னால் முடியாது. புகையிலை சேர்க்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருக்கிறது. வாய்க்குள் தசை நாராகி, வாய் திறக்க முடியாமல் இறுகிப்போவதும் அதனால்தான்.

தொண்டி மீனவர் மகன்

இதை நான் எழுதியே ஆகவேண்டும். என் அப்பா நாற்பது வருடம் வெற்றிலை பாக்கு புகையிலை போட்டவர். கன்னத்தில் புண் வந்து, புற்று என்று தெரிந்து, மதுரையில் கதிர்வீச்சு கொடுத்தோம். உயிர் பிழைத்தார். ஆனால் உமிழ்நீர் போனது போனதுதான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறிய தண்ணீர்ப் பாட்டில். பிரசங்கத்துக்கு நடுவில்கூட எடுத்து நனைத்துக்கொள்வார். பரோடிட்டுக்குப் போகும் சராசரிக் கதிர் சுமார் 25 கிரேக்குள் (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) இருந்தால் ஓரளவு மீளும் என்று பிறகுதான் படித்தேன். வாய் ஊறப் போட்ட பாக்கு, வாயே ஊறாமல் செய்துவிட்டது. ஆத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கீழக்கரைக்காரி

என் உம்மாவுக்கு 54 வயதிலேயே வாய் காய்ந்தது. “வயசு” என்றுதான் அவர்களுக்கும் சொன்னார்கள். கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தும், மூட்டு வலிக்கும். மூன்று வருடம் கழித்து இரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து, உதட்டுக்குள்ளிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகு ஷோகிரென் நோய் என்று தெரிந்தது. உடம்பின் காவல் செல்களே சுரப்பியைத் தாக்கும் நோய். 1933இல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் விரிவாக எழுதியதால் அந்தப் பெயர். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். சகோதரி, அம்மாவுக்குக் கண்ணும் காய்கிறதா என்று கேளுங்கள்.

பாம்பன் வாடைக்காற்று

கேட்டேன். கண்ணில் தொந்தரவு இல்லை, மூட்டு வீக்கமும் இல்லை. இந்த வறட்சியை வீட்டில் அளக்க வழி உண்டா? “காய்கிறது” என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பரமக்குடி பல் மருத்துவர்

உண்டு. சாப்பிட்டு, பல் துலக்கி ஒன்றரை மணி நேரமாவது கழியட்டும். அம்மாவை நாற்காலியில் உட்கார்த்தித் தலையை லேசாக முன்னே சாய்க்கச் சொல்லுங்கள். மெல்லக் கூடாது, பேசக் கூடாது. பத்து நிமிடம், ஊறுவதை எல்லாம் இருமல் மருந்து மூடியில் வழியவிடட்டும். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி அளவைப் பாருங்கள், நுரையைக் கணக்கில் எடுக்காதீர்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் வழக்கமானது. 0.1க்குக் கீழே போனால் அது உண்மையான சுரப்புக் குறைவு. அதாவது பத்து நிமிடத்தில் ஒரு மில்லிலிட்டர் சேரவில்லை என்றால் எண்ணோடு மருத்துவரிடம் போங்கள்.

பல்லையும் மறக்காதீர்கள். உமிழ்நீர்தான் அமிலத்தைத் தணித்து, கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அதிலுள்ள ஹிஸ்டாட்டின் பூஞ்சையை அடக்குகிறது. அது குறைந்தால் ஈறு இறங்கிய இடத்தில் பல்லின் வேர் சொத்தையாகும், நாக்கில் வெள்ளை படரும். புளோரைடு பற்பசை கட்டாயம். வறட்சிக்கு ஆரஞ்சு மிட்டாய் சப்புவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லலாம். மெல்லும் வேலையே எஞ்சியிருக்கும் செல்களைக் கூப்பிடும்.

சாயல்குடி பனங்காடு

அழிந்த செல்லைத் திரும்பக் கொண்டுவர எவரும் முயலவில்லையா?

தங்கச்சிமடம் ஆய்வு மாணவி

முயல்கிறார்கள் அண்ணா. ஐயா சொன்ன அதே புரூஸ் பாம், கதிர்வீச்சால் சுரப்பிழந்தவர்களின் பரோடிட்டுக்குள் அக்வாபோரின் 1 மரபணுவை வலுவிழந்த வைரஸ் மூலம் செலுத்தினார். குழாய்ச் செல்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும். அவற்றில் தண்ணீர்க் கதவு வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம். 2012இல் முடிவு வந்தது: 11 பேரில் 6 பேருக்குச் சுரப்பு கூடியது. 1981இல் முதுமையின் சுரப்பை அளந்தவர், முப்பது வருடம் கழித்து வறண்ட சுரப்பிக்குள் கதவு வைத்துப் பார்த்திருக்கிறார். முதுமையால் போன செல்களுக்கு இன்னும் அப்படி ஒரு சிகிச்சை இல்லை.

பாம்பன் வாடைக்காற்று

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

பல் மருத்துவர் சொன்னபடி அளந்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஜெபத்துக்கு உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் 0.7 மில்லிலிட்டர். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, மாத்திரைப் பையோடு வேறொரு மருத்துவரிடம் போனோம். பையைக் கொட்டியதும் அவர் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். அரிப்பு மாத்திரையை நிறுத்தினார். தோல் காய்ந்ததால்தான் அரிப்பு, தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்றார். இரவு மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து வேறு மாற்றினார். அழுத்தத்துக்கான மாத்திரையிலும் நீர் பிரிப்பதை எடுத்துவிட்டார். காலையில் ஒரு செம்பு, பத்து மணிக்கு ஒரு செம்பு என்று தண்ணீருக்கு நானே காவல்.

நேற்று மறுபடி அளந்தோம். 1.6. மருந்தாளுநர் அண்ணனுக்கும் ஐயாவுக்கும் தங்கைக்கும் அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.

மதியம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கேட்டார். முண்டு மிளகாயைப் பாதியாகக் குறைத்துத்தான் வைத்தேன். செம்பு பக்கத்திலேயே இருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று முறைதான் எடுத்தார்.